ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரைநாள்: கைடுக்கு 800 ரூபாய் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அரைநாள் முழுக்கத் தேவையில்லை, ரெண்டே ரெண்டு இடத்துக்குத்தான் தேவை. அது எந்த ரெண்டு இடம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது முழுதும், ஆட்டோவுக்கு 1,200, கைடுக்கு 800 என்று 2,000 ரூபாயும் போனது. அடுத்துப் போகிறவர்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன லீவில் மைசூர் போயிருந்தோம், நான், மனைவி, எட்டு வயதுப் பையன். அரண்மனை, மிருகக்காட்சிசாலை எல்லாம் முதல் நாளே முடிந்துவிட்டது. ரெண்டாம் நாள் காலை ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூரிலிருந்து 15 கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ்ஸும் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது. ஆனால் உள்ளே பார்க்கவேண்டியவை தீவு முழுக்கச் சிதறிக் கிடப்பதால் வண்டி இல்லாமல் முடியாது. தங்கியிருந்த இடத்தில் சொல்லி ஒரு ஆட்டோவும், தமிழ் பேசும் கைடு ஒருவரும் ஏற்பாடு செய்துகொண்டோம். கைடுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தாத்தா காலத்தில் சேலம் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம், தமிழில் பாதிக்குப் பாதி கன்னட ராகம். மனுஷர் நல்லவர். பையன் கையைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாப் படியும் இறங்கினார். இதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன், ஏனென்றால் கீழே குறைகளும் வரும்.

முதல் குறை ஆட்டோவில் ஏறிய பத்தாவது நிமிஷமே வந்துவிட்டது. "திப்புன்னா கன்னடத்துல புலி சார்" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே கன்னட மிருகம் ஹுலி, அதுதான் புலி. திப்பு என்ற பெயர் ஆற்காட்டிலிருந்து போனது. ஆற்காட்டில் திப்பு மஸ்தான் அவுலியா தர்கா என்று ஒன்று இருக்கிறது, எங்கள் ஊர்ப்பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. அந்த மகானின் பெயரைத்தான் ஹைதர் அலியும் பாத்திமா ஃபக்ருன்னிசாவும் தேவனஹள்ளியில் பிறந்த மகனுக்கு வைத்தார்கள். நான் இதைச் சொன்னதும் "அப்படியும் சொல்வாங்க சார்" என்று விட்டுவிட்டார். சரி, போகட்டும். நூறு வருஷம் நரியாக வாழ்வதைவிட ஒருநாள் சிங்கமாக வாழ்வது மேல் என்று திப்பு சொன்னதாக ஒரு வசனம் உண்டல்லவா, அதை மதியத்துக்குள் நான்கு முறை சொன்னார். நான்காவது முறை என் பையனே முந்திக்கொண்டு முடித்துவைத்தான்.

கோட்டைக்குள் நுழைந்ததும் முதல் நிறுத்தம் சிறைக்கூடம், பெய்லி சிறை என்று பலகை வைத்திருக்கிறார்கள். வடக்கு மதிலை ஒட்டித் தரைமட்டத்துக்குக் கீழே, செங்கல் வளைவுகளும் சுண்ணாம்புப் பூச்சுமாக, வெளியே அடிக்கிற வெயிலுக்கு உள்ளே சில்லென்று இருக்கிறது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் பலகைகளில் துளை போட்டிருக்கிறார்கள், கைதிகளின் கையைச் சங்கிலியில் கட்ட. நடுவில் ஒரு பீரங்கி தரையில் கிடக்கிறது. 1799-ல் வெள்ளைக்காரன் போட்ட முற்றுகையில் மேலே மதிலில் இருந்த பீரங்கி கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடக்கிறதாம். இங்கே கைடு கழுத்தளவு தண்ணீரில் கைதிகளை நிறுத்திவைத்த கதையை ஒரு சினிமா அளவுக்கு நடித்துக் காட்டினார். ஆதாரம் என்ன என்று கேட்டால் சிரிக்கிறார். இந்த இடத்தில் உண்மையாகச் சொல்லவேண்டிய கதை வேறு, அதை அவர் சொல்லவே இல்லை. டேவிட் பெயர்ட் என்று ஒரு கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கேப்டன் 1780-ல் பிடிபட்டு, கிட்டத்தட்ட நான்கு வருஷம் இந்த ஊரில் சங்கிலியில் கிடந்தான். அவன் இன்னொரு கைதியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறான் என்று ஸ்காட்லாந்தில் இருந்த அவன் அம்மாவுக்குச் சேதி போனபோது, என் பிள்ளையோடு கட்டப்பட்டவன் பாவம் என்று சொன்னாளாம், அவ்வளவு முரட்டு ஆசாமி. அதே பெயர்ட்தான் 1799 மே 4 மதியம் வாளை உருவிக்கொண்டு இந்தக் கோட்டைக்குள் நுழைந்த படைக்குத் தலைமை தாங்கினான். இதைவிடக் கதை வேண்டுமா? கைடு இதை விட்டுவிட்டுக் கழுத்தளவு தண்ணீரைப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே சிறைக்கூடத்துக்குக் கைடு வேண்டாம். பத்து நிமிஷம் நீங்களே சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஜாமியா மசூதிக்கும் வேண்டாம். 1787 வாக்கில் திப்பு கட்டிய மசூதி, ரெண்டு உயரமான மினார், அவற்றில் வரிசை வரிசையாகப் புறாப் பொந்துகள். புறாக்கள் இன்னும் குடியிருக்கின்றன, அது ஒன்று போதும் நின்று பார்க்க.

அடுத்து வந்தது நான் சொன்ன அந்த ரெண்டு இடங்களில் ஒன்று. மதிலில் உடைப்பு விழுந்த மேற்கு மூலையிலிருந்து திப்பு உடல் கிடைத்த இடம் வரைக்கும். பெரும்பாலான ஆட்டோக்காரர்கள் இதை ரெண்டு தனி நிறுத்தமாக்கி, ஒவ்வொன்றிலும் அஞ்சு நிமிஷம் இறக்கி ஏற்றிவிடுவார்கள். எங்கள் கைடு ஆட்டோவை அனுப்பிவிட்டு, "நடந்தா கால் மணி நேரம் சார், நடந்தாத்தான் புரியும்" என்றார். 800 ரூபாயில் பாதி அந்த இடத்திலேயே கழிந்துவிட்டது.

மேற்கு முனையில் ஒரு ஸ்தூபி நிற்கிறது, 1907-ல் மைசூர் அரசு வைத்தது, கும்பினிப் பக்கம் செத்தவர்களுக்காக. அதன் பக்கத்தில் நின்று கீழே காவிரியைப் பார்க்கச் சொன்னார். பாறைகள்தான் அதிகம், தண்ணீர் அங்கங்கே ஓடை மாதிரி. "மே மாசம் இன்னும் கம்மியா இருக்கும். ஜூன் வந்தா ஆறு ரொம்பிடும். வெள்ளைக்காரனுக்கு அவசரம் அதான்" என்றார். இதுதான் விஷயம். மழை பிடித்து ஆறு பொங்கிவிட்டால் தீவுக்கோட்டையை யாரும் தொட முடியாது, முற்றுகை போட்ட படைக்கோ சோற்றுக்கே திண்டாட்டம். இன்னும் சில வாரம் தாக்குப்பிடித்திருந்தால் போதும். கும்பினிப் படைத்தளபதி ஜெனரல் ஹாரிஸ் அதனால்தான் காத்திருக்காமல் பட்டப்பகலில், வெயில் உச்சியில், காவலுக்கு நிற்பவன் அசரும் நேரம் பார்த்து ஆற்றில் இறங்கச் சொன்னான். அந்த நேரம் பார்த்து உடைப்பில் இருந்த சிப்பாய்களைச் சம்பளம் வாங்க வரச் சொல்லி திப்புவின் அமைச்சன் மீர் சாதிக் இழுத்துப் போய்விட்டான் என்பது ஊரே சொல்லும் கதை. மீர் சாதிக் பெயரைச் சொல்லும்போது கைடு பக்கத்தில் திரும்பித் துப்பிவிட்டு, பையன் பார்த்துவிட்டானே என்று கொஞ்சம் வெட்கப்பட்டார்.

திப்பு அப்போது சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார். உடைப்பைக் காத்து நின்ற சையத் கஃபார் பீரங்கிக் குண்டில் செத்துவிட்டார் என்று சேதி வந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, வடக்கு மதில் வழியாகப் போனார். நாங்கள் அந்த மதிலை ஒட்டித்தான் நடந்தோம். இப்போது ஒரு பக்கம் முள்செடி, இன்னொரு பக்கம் வீடுகள், ஒரு வீட்டு வாசலில் ராகி காயப்போட்டிருந்தார்கள். திப்பு சுட்டுக்கொண்டே பின்வாங்கி, குண்டுகள் பட்டு, குதிரை சாய்ந்து, வாசல் சுரங்க வழியில் நெரிசலில் விழுந்து, இடுப்பிலிருந்த தங்கப் பட்டையைப் பிடுங்க வந்த சிப்பாயை விழுந்த நிலையிலேயே வாளால் வெட்டி, அந்தச் சிப்பாய் திருப்பிச் சுட்டதில் நெற்றிப்பொட்டில் குண்டு வாங்கி இறந்தார். அவரைச் சுட்டவனுக்குத் தான் யாரைச் சுட்டோம் என்றே தெரியாது. இருட்டிய பிறகு தீப்பந்தம் வைத்துப் பிணக்குவியலைப் புரட்டித்தான் கண்டுபிடித்தார்கள். கண் திறந்திருந்ததாம், உடம்பில் சூடு இருந்ததாம், உயிர் இருக்கிறதோ என்று நாடி பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் இப்போது ஒரு சின்னக் கம்பிவேலி, புல், நடுவில் ஒரு கல். திப்புவின் உடல் இங்கே கிடைத்தது என்று ஒரே வரி. அவ்வளவுதான். நாங்கள் போனபோது வேலிக்கு வெளியே ரெண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இளநீர் வண்டி. கைடு அங்கே ஒன்றும் பேசவில்லை, சிங்க வசனம்கூட வரவில்லை. காசு வாங்கிக்கொண்டு பேசாமல் நிற்கத் தெரிந்த கைடை நான் அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

அரண்மனை என்று ஒன்றைத் தேடாதீர்கள். லால் மஹால் ரங்கநாதர் கோவிலுக்குக் கிட்டத்தில் இருந்தது, இடித்துவிட்டார்கள், அடித்தளம்தான் மிச்சம். திப்பு செத்த இரவே ஊரெல்லாம் கொள்ளை. சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக்கிப் பங்கு போட்டார்கள், அதன் தங்கப் புலித்தலை இன்றைக்கும் விண்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாயைக் கடித்துக்கொண்டிருக்கும் மரப்புலி, கைப்பிடியைச் சுற்றினால் உறுமுமே, அது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில். படுக்கையறை வாள் ஒன்று 2023-ல் லண்டனில் ஏலம் போனது, 1 கோடியே 40 லட்சம் பவுண்டு. இங்கே கல் ஒன்று, ஆடு ரெண்டு.

இதற்கு நடுவே ஆட்டோக்காரர் எங்களைக் கேட்காமலே ஒரு பட்டு, சந்தனக் கடைக்குத் திருப்பினார். "சும்மா பார்த்துட்டு வாங்க சார், காசு இல்ல." வாசலில் அரசு அங்காடி என்கிற மாதிரி ஒரு பலகை, உள்ளே போனால் தனியார். நாற்பது நிமிஷம் போச்சு, மனைவிக்கு ஒரு சோப்புப் பெட்டி. வண்டி பேசும்போதே கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். திப்புவுக்கும் பட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லமாட்டேன், வங்காளத்திலிருந்து பட்டுப்புழு வளர்ப்பை இந்தப் பக்கம் கொண்டுவந்தவரே அவர்தான். அதற்காக அவர் பெயரைச் சொல்லி எங்களிடம் கமிஷன் அடிப்பது எப்படி நியாயம்?

ரெண்டாவது இடம் தரியா தௌலத், கோட்டைக்கு வெளியே தோட்டத்துக்குள் இருக்கும் கோடை மாளிகை. 1784-ல் கட்டியது, பெரும்பாலும் தேக்கு. 25 ரூபாய் டிக்கெட், உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. மேற்குச் சுவர் முழுக்க ஒரே ஓவியம், 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி நடந்த சண்டை. கைடு கையை நீட்டி "பொல்லிலூர் யுத்தம் சார், மெட்ராஸ் பக்கம்" என்று ஆரம்பித்ததும் நான் குறுக்கே விழுந்தேன். மெட்ராஸ் பக்கம் இல்லை, எங்கள் ஊர்ப் பக்கம். காஞ்சிபுரத்திலிருந்து வண்டியில் போனால் அரைமணி நேரத்தில் புள்ளலூர். பல்லவனும் சாளுக்கியனும் மோதிய அதே புள்ளலூர். வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் பொல்லிலூர் ஆகி, அதுவே கன்னட நாட்டுக் கைடு வாயிலும் நிலைத்துவிட்டது.

அந்த ஓவியத்தை மட்டும் கைடு இல்லாமல் பார்க்காதீர்கள், ஒரே கூட்டமும் குதிரையுமாகத்தான் தெரியும். அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். நடுவில் சதுரமாக நிற்கும் சிவப்புச் சட்டைகள், கும்பினிப் படை. அதற்குள்ளே பல்லக்கில் காயத்தோடு உட்கார்ந்திருப்பவர் கர்னல் பெய்லி, முகத்தில் இப்போதே தோற்றுவிட்ட களை. பக்கத்தில் வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது, சண்டையின் தலையெழுத்தை மாற்றியது அதுதான். ஹைதர் பக்கம் நின்ற பிரெஞ்சுக்காரத் தளபதி லாலி தொலைநோக்கியை வைத்து அதைப் பார்க்கிறார். இத்தனை ரகளைக்கும் நடுவே ஹைதரும் திப்புவும் பூவை முகர்ந்துகொண்டு ஏதோ நந்தவனத்தில் உலாத்துகிற மாதிரி வருகிறார்கள். ஓவியனுக்குக் குசும்பு ஜாஸ்தி. ஓர் ஓரத்தில் தாமதமாக வரும் ஹைதராபாத் நிஜாமுக்குப் பக்கத்தில் ஒரு பசு, ஒரு காட்டுப்பன்றி. "வரும்போது பன்னி மாதிரி வந்தான், போகும்போது பசு மாதிரி போனான்னு அர்த்தம் சார்." அங்கே பையன் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப்பார்த்தார்.

அன்றைக்குப் பெய்லியைக் காப்பாற்ற வரவேண்டிய கும்பினித் தளபதி ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். வரவில்லை. பெய்லி பிடிபட்டார் என்று தெரிந்ததும் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு மெட்ராஸுக்கு நடையைக் கட்டினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையிலேயே 1782-ல் இறந்தார். திப்புவின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகள் இந்தச் சண்டையில்தான் கும்பினியைக் கலங்கடித்தன என்பார்கள். அந்த ராக்கெட்டுகளை எடுத்துப்போய் ஆராய்ந்துதான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். அப்துல் கலாம் இளவயதில் அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் தளத்துக்குப் போனபோது, வரவேற்பறையில் திப்புவின் படை ராக்கெட் விடும் ஓவியம் மாட்டியிருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். இதைக் கைடும் சொன்னார், சரியாகவே சொன்னார்.

இந்தச் சுவரோவியம் பிழைத்ததே ஒரு கூத்து. ஒருமுறை சுண்ணாம்பு பூசி மறைந்தே போனது. 1799-க்கு அப்புறம் இந்த மாளிகையில் குடியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர்தான், தன் ஆட்கள் அடிவாங்கும் படம் என்று தெரிந்தும் அதைச் சரிசெய்யச் சொன்னார். பிறகு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் மறுபடி தீட்டினார்கள்.

உள்ளே திப்புவின் மகன்களின் படங்கள் இருக்கின்றன. 1792-ல் மூன்றாம் மைசூர்ப் போர் தோற்றபோது கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் கேட்டது பாதி ராஜ்ஜியம், 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பணம் கட்டும்வரை ரெண்டு பிள்ளைகள் பணயம். திண்டுக்கல்லும் பாராமகாலும் (சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம்) அன்றைக்குத்தான் கும்பினி கைக்குப் போனது, நம் ஊர்க் கதையும் அங்கிருந்து திரும்புகிறது. அப்துல் காலிக்குக்கு எட்டு வயது, முய்சுத்தீனுக்கு ஐந்து. மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். கைடு "எட்டு வயசு" என்று சொல்லிவிட்டு என் பையன் தலையில் கை வைத்தார். மனைவி அவனை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள், தெரிந்து செய்தாளா என்று தெரியவில்லை. "அவங்க அப்பா பணம் கட்டிட்டாரா?" என்று கேட்டான். கட்டிவிட்டார், 1794-ல் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஐந்தே வருஷம். அப்புறம் அப்பா போய்ச் சேர்ந்ததும் குடும்பமே வேலூர்க் கோட்டைக்கு, அங்கே 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி, அதற்குப் பிறகு கல்கத்தாவுக்கு.

கடைசி நிறுத்தம் கும்பஸ், ஹைதர், ஃபக்ருன்னிசா, திப்பு மூவரின் அடக்கத்தலம். சுற்றிலும் 36 கருங்கல் தூண்கள், கண்ணாடி மாதிரி வழவழப்பு, உள்சுவரில் புலிவரி. தந்தம் பதித்த கதவுகள் டல்ஹௌசி கொடுத்தவை என்கிறார்கள். திப்புவை 1799 மே 5-ஆம் தேதி ராணுவ மரியாதையோடு இங்கே புதைத்தார்கள், அன்று இரவு பேய்மழை, இடி. அந்த மழை கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால், என்று கைடு ஆரம்பித்தார். அமைதியாக உட்கார்ந்து எழுந்து வர வேண்டிய இடம் அது, விளக்கம் தேவையில்லை.

கைடு பற்றி ஒரு பெரிய குறை சொல்லியே ஆகவேண்டும். சிருங்கேரி மடத்தை 1791-ல் மராட்டியப் படையோடு வந்தவர்கள் சூறையாடியபோது திப்பு ஜகத்குருவுக்குக் கன்னடத்தில் கடிதம் எழுதி, பணம் அனுப்பி, சிலையைத் திரும்பப் பிரதிஷ்டை செய்யச் சொன்னதை அழகாகச் சொன்னார், உண்மைதான், கடிதங்கள் இருக்கின்றன. ஆனால் குடகிலும் மலபாரிலும் நடந்தது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மங்களூர்க் கத்தோலிக்கர்களை ஆயிரக்கணக்கில் பிடித்து இதே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திக் கூட்டிவந்ததும், கட்டாய மதமாற்றமும் உண்மைதானே. நான் கேட்டபோது "அதெல்லாம் வேணாம் சார், பிரச்சனை" என்றார். அவர் பிழைப்பு, எனக்குப் புரிகிறது. கூட்டத்தில் எவன் வீடியோ எடுக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும். ஆனாலும் கும்பினிக்குப் பணியாமல், துருக்கிக்கும் பிரான்சுக்கும் ஆப்கானுக்கும் தூது அனுப்பி, நெப்போலியன் எழுதிய கடிதம் வழியிலேயே பிரிட்டிஷார் கையில் சிக்கி, கடைசியில் தன் மதிலடியில் வாளோடு செத்த மனிதனுடைய கதை இதையும் சேர்த்துச் சொன்னால் சின்னதாகிவிடாது. பாதிக் கதைக்கு முழுக்காசு வாங்கினார் என்பதுதான் என் குறை.

மொத்தத்தில், வண்டி பேசும்போதே கைடிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: மேற்கு மூலையிலிருந்து நடை, பிறகு தரியா தௌலத் சுவர். ரெண்டு மணி நேரம், 400 ரூபாய், சந்தோஷமாகக் கொடுக்கலாம். காலை எட்டரைக்குள் கோட்டையில் இருங்கள், பத்துக்கு மேல் கல் சுடுகிறது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், கும்பஸ் வாசலில் கரும்புச்சாறு கிடைக்கும்.

கிளம்பும்போது கைடு என் நம்பர் வாங்கிக்கொண்டார். இருபது வருஷமாக அந்தச் சுவரைக் காட்டுகிறாராம், புள்ளலூரைப் பார்த்ததே இல்லையாம், போனால் ஒரு படம் அனுப்பச் சொன்னார். ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். வயல் நடுவே அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வைத்த ரெண்டு கூம்புத் தூண்கள், சுற்றிலும் நெல். படம் எடுத்து அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "சூப்பர் சார். நம்ம ஆளுங்களுக்கு எங்க வெச்சிருக்காங்க?"

இன்னும் பதில் போடவில்லை.